அடியில் கீறு விழுந்த கோப்பை

என் தங்கச்சி ஒரு சின்ன வெள்ளைக் கோப்பையை யன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்ப்பாள். அப்படிப் பிடித்தால் உள்ளே இருக்கிற தேத்தண்ணி வெளியிலிருந்தே தெரியும். மண்ணால் செய்த சாமானுக்குள்ளால் வெளிச்சம் வரும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. தேத்தண்ணி நிற்கிற உயரம் வரைக்கும் கோப்பை இருட்டாக இருக்கும், அதற்கு மேல் பால் மாதிரி ஒளிரும். மற்றப் பக்கத்தில் பிடித்திருக்கிற விரல்களின் நிழல் விழும். ஒரு நாள் நான் சும்மா எண்ணிப் பார்த்தேன். நாலு விரல்களின் நிழல் தெரிந்தது. அவள் இரண்டு விரலால்தான் பிடித்திருந்தாள். அதைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. “ஓம், நானும் கண்டனான். நான் பிடிக்கேக்க வேற ஆரோவும் பிடிக்கினம்” என்று, மழை வருது என்று சொல்கிற மாதிரிச் சொல்லிவிட்டு ஒரு மிடறு குடித்தாள்.

அவளுக்குப் பதினேழு வயதில் இரண்டு கிட்னியும் வேலை செய்யாமல் போனது. செவ்வாய், வியாழன், சனி டயலிசிஸ். டயலிசிஸ் ஊசி குத்துவதற்காக இடது கையில் இரண்டு இரத்தக் குழாயை வெட்டி ஒட்டியிருந்தார்கள். அந்த இடம் கயிறு மாதிரிப் புடைத்திருக்கும். அதில் விரல் வைத்தால் உள்ளே வண்டு ஒன்று அடைபட்டுக் கிடந்து இரைகிற மாதிரி அதிரும். கிட்னி போனவர்களுக்குத் தண்ணி ஒரு அளவுதான். தேத்தண்ணி, சொதி, மருந்து விழுங்கக் குடிக்கிற மிடறு, வாயில் போடுகிற ஐஸ்கட்டி, எல்லாம் அந்தக் கணக்குக்குள் வரும். பெரிய கோப்பையில் கொஞ்சமாக ஊற்றிக் குடித்தால் வெறுங்கோப்பையைப் பார்க்கிற மாதிரி இருக்கு என்று அவள் சின்னக் கோப்பைகளைத் தேடத் தொடங்கினாள். சின்னக் கோப்பை நிறைந்து நின்றால் மனதுக்கும் நிறைந்த மாதிரி. லண்டனில் தோர்ண்டன் ஹீத்திலும் டூட்டிங்கிலும் இருக்கிற பழைய சாமான் கடைகளில் ஒவ்வொரு கோப்பையையும் கவிழ்த்து விலைத்துண்டைப் பார்ப்பாள். அப்படிக் கவிழ்த்தபோதுதான் அடியில் இருக்கிற அடையாளங்கள் அவளுடைய கண்ணில் பட்டன. பிறகு விலையைப் பார்க்க மறந்துபோனாள்.

நான் பதினாறு வயதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அந்த வருஷம்தான் அப்பா தவறிப்போனார். எனக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கவே பொறுமை இல்லை. அவளோ டயலிசிஸ் கட்டிலில் நாலு மணித்தியாலம் கையை அசைக்காமல் கிடந்து, மற்றக் கையால் நூல்நிலையப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருப்பாள். முழுக்கப் பிரெஞ்சுப் பீங்கான்களின் அடையாளங்கள். வீட்டுக்கு வந்து எனக்குச் சொல்லுவாள். பிரான்ஸ் ராஜாவுக்குச் சொந்தமாக செவ்ர் என்ற ஊரில் ஒரு பீங்கான் ஆலை இருந்ததாம். அங்கே செய்த சாமானின் அடியில் ராஜாவின் பெயரின் முதல் எழுத்தை இரண்டு தரம் எழுதி, ஒன்றோடொன்று பின்னி நீல நிறத்தில் போடுவார்களாம். நடுவில் இன்னொரு எழுத்து இருந்தால் அது எந்த ஆண்டு என்று சொல்லும். பக்கத்தில் ஒரு நட்சத்திரமோ, புள்ளிகளோ, ஒரு சின்னப் பூவோ இருந்தால் அது படம் தீட்டியவருடைய அடையாளம். பொன் பூசியவருக்கு வேறு அடையாளம். ஒரு தட்டைக் கவிழ்த்தால் மூன்று பேர் நிற்பார்கள் என்பாள்.

“ராஜாவின்ர தலையை வெட்டிப்போட்டினம், அண்ணா. ஆனா அவரின்ர அடையாளம் போடுறது நிக்கேல்லை. ஊரில உள்ள கள்ளர் எல்லாம் தங்கட சாமானில அதைக் கீறிக் கீறி வித்தவங்கள். உயிரோட இருக்கேக்க போட்டதை விடச் செத்தாப் பிறகு போட்டதுதான் கூடுதல்.” இதைச் சொல்லும்போது அவளுக்குக் கண் பளபளக்கும். “அப்ப எப்பிடி எதை நம்புறது?” என்று கேட்டேன். “பேரை நம்பக் கூடாது” என்றாள். “பேர்தான் ஈசியா எழுதலாம்.”

நான் செய்கிற வேலை வீடுகளைக் காலி பண்ணுகிற வேலை. ஆள் இல்லாத வீட்டுக்கு வான் வண்டியோடு போய், கட்டில், அலுமாரி, உடுப்பு, படச்சட்டம் எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு ஏற்றவேண்டும். முதலாளி ஒரு வெள்ளைக்காரர், நல்ல மனுஷன். அந்த வீடுகளுக்குள் போகும்போது கூடவே ஒரு மணம் வரும். ஈரமும் பவுடரும் பழைய ரொட்டியும் சேர்ந்த மணம். கதிரையில் ஆள் இருந்த பள்ளம் அப்படியே இருக்கும். சிலவேளை அடுப்பில் கேத்திலுக்குள் தண்ணி இருக்கும். அம்மாவுக்கு இந்த வேலை துப்பரவாகப் பிடிக்காது. நான் வந்தவுடன் வாசலிலேயே உடுப்பைக் கழற்றிக் குளிக்க அனுப்புவார். அவருடைய கட்டளை ஒன்றே ஒன்றுதான்: “செத்த வீட்டுச் சாமான் ஒண்டும் இந்த வாசலைத் தாண்டக் கூடாது. துடக்கு, தீட்டு. எங்கட வீட்டில நோயாளிப் பிள்ளை கிடக்கு, மறந்து போகாதை.”

ஸ்ட்ரெத்தம் பக்கத்தில் ஒரு வீடு. ஒரு மூதாட்டி தனியாக இருந்த வீடு. குசினியில் அடுப்புக்குப் பக்கத்து அலுமாரியின் பின்மூலையில், கடதாசியில் சுற்றி, தனியாக ஒரு சின்னக் கோப்பை இருந்தது. வெள்ளையில் ரோசாப்பூத் தீட்டியிருந்தது. நான் முதலில் சொன்ன கோப்பை இதுதான். முதலாளி கவிழ்த்துப் பார்த்துவிட்டு, அடியில் கீறு விழுந்திருக்கு, யாரும் எடுக்கமாட்டார்கள், உன் தங்கைக்குக் கொண்டு போ என்றார். நான் கொண்டு வந்தேன். அம்மாவிடம் டூட்டிங்கில் பழைய சாமான் கடையில் வாங்கினது என்று பொய் சொன்னேன். தங்கச்சிக்கு மட்டும் உண்மையைச் சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “கடையில இருக்கிறதும் செத்த ஆக்களின்ர சாமான்தான். அம்மாக்கு அது தெரியாது, சொல்லிப்போடாதை. பிறகு நான் உள்ளங்கையிலதான் தேத்தண்ணி குடிக்கவேணும்.”

அந்தக் கோப்பையை அவள் ஒரு கிழமை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிரான்சில் லிமோஜ் என்ற ஊரில் செய்தது என்று கண்டுபிடித்தாள். அந்த ஊர்ச் சாமானில் இரண்டு அடையாளம் வருமாம். பச்சை நிறத்தில், மேலே கண்ணாடி மாதிரிப் பூசுகிற மினுக்குக்குக் கீழே இருப்பது, வெள்ளைக் கோப்பையைச் செய்த ஆலையின் அடையாளம். அதை நகத்தால் தடவினாலும் தட்டுப்படாது. மினுக்குக்கு மேலே சிவப்பில் இருப்பது அதைத் தீட்டிய இடத்தின் அடையாளம். இந்தக் கோப்பையில் பச்சை அடையாளத்துக்குக் குறுக்கே ஊசியால் வெட்டின மாதிரி ஒரு கீறு இருந்தது. சூளையில் பழுதாய்ப்போன சாமானை ஆலைக்காரர் அப்படித்தான் கீறி, வெறும் வெள்ளையாக மலிவில் விற்றுவிடுவார்களாம். இது எங்கள் பிள்ளை இல்லை என்று சொல்கிற மாதிரி. அதை வாங்கி யாராவது வீட்டில் வைத்துத் தீட்டிக்கொள்வார்கள். சிவப்பு இருக்கவேண்டிய இடத்தில் பெயர் ஒன்றும் இல்லை. கையால் போட்ட மூன்று இதழ்ப் பூ மட்டும் இருந்தது.

அதன் அடிவிளிம்பில் மினுக்குப் படாத இரண்டு சின்ன இடம் இருந்தது. சுரசுரவென்று இருக்கும். மினுக்குத் தண்ணியில் தோய்க்கும்போது ஒரு ஆள் பிடித்திருந்த இடம் என்றாள். “இஞ்ச கை வை” என்று என்னுடைய விரலைப் பிடித்து அதில் வைத்தாள். எனக்குப் பொருந்தவில்லை, என்னுடைய விரல் தடிப்பு. அவள் வைத்தாள். அளவெடுத்துச் செய்த மாதிரிப் போய்ப் பொருந்தியது. அதற்குப் பிறகு குடித்து முடித்துக் கழுவும்போதெல்லாம் அவள் அந்த இரண்டு இடத்திலும் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் நிற்பாள். ஆரையோ கைபிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கும். நான் பார்க்காத மாதிரிப் போய்விடுவேன்.

கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒரு ரோசாப்பூ மட்டும் கோட்டோடு நின்றிருந்தது. மற்றப் பூவெல்லாம் சிவப்பு. இது வெறும் கோடு, உள்ளே வெள்ளை. “தீட்டினவ முடிக்காமப் போயிட்டா” என்றாள் தங்கச்சி. எங்கே போனா என்று கேட்டேன். “தெரியாது. கண்டுபிடிக்கிறன்” என்றாள். எந்தத் தெரு, எத்தனையாம் இலக்க வீடு என்று கேட்டாள். சொன்னேன். பிறகு அதைப்பற்றி அவள் கதைக்கவில்லை. நானும் கேட்கவில்லை. புதன்கிழமைகளில் நூல்நிலையத்துக்குப் போகிறேன் என்று போய், பின்னேரம் ஒரு மாதிரியான அமைதியோடு திரும்பி வருவாள்.

ஒரு சனிக்கிழமை, மத்தியானம் கழிந்து, டயலிசிஸ் முடித்துக் கட்டிலால் இறங்கும்போது அவளுடைய இருதயம் நின்றுவிட்டது. இருபத்தொரு வயது. நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது அவளை ஒரு அறையில் கிடத்தி, துணியால் மூடியிருந்தார்கள். நான் முதலில் செய்தது அவளுடைய இடது கையைத் தேடித் தொட்டுப் பார்த்ததுதான். வண்டு இல்லை. அந்தக் கையில் சத்தம் இல்லாமல் நான் அவளைத் தொட்டதே கிடையாது. அது வேறு ஆரோ ஒரு பிள்ளையின் கை மாதிரி இருந்தது. நான் கையை எடுத்துவிட்டேன். ஏன் எடுத்தேன் என்று இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும்.

தங்கச்சியின் செத்த வீட்டுக்கு முதலாளி பூவோடு வந்தார். நல்லது செய்யவேண்டும் என்று நினைத்து, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் மகளுக்குக் கோப்பைகள் என்றால் உயிர் என்று எனக்குத் தெரியும், செத்துப்போன அந்த வயதான பெண்ணின் வீட்டிலிருந்து ஒன்றை நான்தான் கொடுத்துவிட்டேன், பூப்போட்டது, அவளுக்குப் பிடித்ததா என்று கேட்டார். அம்மாவுக்கு ஆங்கிலம் அரைகுறைதான். செத்த, வீடு, கோப்பை என்ற மூன்று சொல்லும் அவருக்கு விளங்கிவிட்டன. என்னைத் திரும்பிப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

எல்லாரும் போன பிறகு அம்மா அந்தக் கோப்பையைக் கடதாசியால் பிடித்துத் தூக்கினார், கை படாமல். கவிழ்த்துப் பார்த்தார். “பேரைக் குறுக்கால வெட்டி விட்டிருக்கு. ஒரு பூ சாகக் கிடக்கு. கண் தெரியாதவனுக்கும் தெரியும் இது என்ன சாமான் எண்டு. இதிலதானே என்ர பிள்ளை ஒவ்வொரு நாளும் வாய் வைச்சது.” சுவருக்குத்தான் சொன்னார். அன்றிலிருந்து எனக்குச் சொல்லவேண்டியதை எல்லாம் சுவருக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் சொல்லத் தொடங்கினார். “செத்த வீடு காலி பண்ணுறவைக்குச் சோறு மேசையில இருக்கு.” “பொய்காரருக்குக் கடிதம் வந்திருக்கு.” ஒரு நாள் மட்டும் என்னுடைய சப்பாத்தைப் பார்த்துச் சொன்னார்: “முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு முன்னம் அது இந்த வீட்டில இருக்கக் கூடாது. எங்க எடுத்ததோ அங்க கொண்டுபோய் வைக்கட்டும். செத்த மனுசி வந்து தன்ர சாமானை எடுக்கட்டும். என்ர பிள்ளையைத் திருப்பித் தரட்டும்.”

எனக்கு அது பொய் என்று தெரியும். டொக்டர் பேப்பரில் காரணத்தை எழுதித் தந்தவர். ஆனால் தெரிவது ஒன்று, அம்மா உன்னாலதான் என்று நினைத்துக்கொண்டு பக்கத்து அறையில் மூச்சு விடுவது இன்னொன்று. நான் வேலைக்குப் போகாமல் அறைக்குள்ளேயே கிடந்தேன். கொஞ்சம் கொஞ்சமாக நானும் நம்பத் தொடங்கினேன். நான் அதைக் கொண்டு வராமல் விட்டிருந்தால்? அவளுடைய விரல் அந்த இடத்தில் பொருந்தாமல் இருந்திருந்தால்? அந்த மூதாட்டி தன்னுடைய குசினிக்குத் திரும்பி வந்து, அலுமாரியின் பின்மூலையில் கையை விட்டுத் துளாவுகிற மாதிரி எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

இருபத்தைந்தாம் நாள் நான் கோப்பையைப் பையில் போட்டுக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். வெயில் அடித்த காலை. கதவு இருந்த இடத்தில் பலகை அடித்திருந்தது. உள்ளே சுவர்களை இடித்துக்கொண்டிருந்தார்கள். குசினி இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. எங்கே வைப்பது? வாசற்படியில் குந்தினேன். பக்கத்து வீட்டுப் பெண் குப்பைத்தொட்டியை இழுத்துக்கொண்டு வந்தவர், என்ன வேண்டும் என்று கேட்டார். இந்த வீட்டில் வாழ்ந்து செத்துப்போன மூதாட்டியின் சாமான் ஒன்று என்னிடம் இருக்கு, அவருடைய ஆட்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “செத்ததா? யார் சொன்னது? இரண்டு தெரு தள்ளி முதியோர் இல்லத்தில் இருக்கிறாள். கால் ஏலாமல் போனதால் போனவள். இப்படித்தான் முன்பும் ஒரு பிள்ளை வந்து கேட்டது. உன்னைப் போலவே முகம்.”

நான் எப்படி அங்கே நடந்து போனேன் என்று ஞாபகம் இல்லை. எங்களுடைய வேலையில் இது ஒரு பழக்கம். வீடு காலி என்றால் ஆள் காலி என்று நினைத்துக்கொள்வோம். முதலாளியும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. தங்கச்சி மட்டும் கேட்டிருக்கிறாள்.

முதியோர் இல்லத்தின் வாசலில் ஒரு மேசை. மேசையில் வருகிறவர்கள் பெயர் எழுதுகிற பெரிய புத்தகம். வேலை செய்கிற பெண் பேனையைத் தந்தார். நான் எழுதவில்லை. பக்கங்களைப் பின்னுக்குப் புரட்டினேன். ஒரு புதன்கிழமையில் தங்கச்சியின் எழுத்து இருந்தது. அவளுடைய பெயர், வந்த நேரம். அதற்கு முந்தின புதன். அதற்கும் முந்தின புதன். பதினொரு புதன்கிழமை எண்ணினேன். மற்ற எல்லாவற்றிலும் வந்த நேரம், போன நேரம் இரண்டும் இருந்தன. கடைசிப் புதனில், அவள் சாக மூன்று நாளுக்கு முன்னால், வந்த நேரம் மட்டும் இருந்தது. போன நேரம் எழுதுகிற பெட்டி வெறுமையாக இருந்தது.

அந்தப் பெண் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “ஓ, இந்தப் பிள்ளை! எங்கே இப்போது காணக்கிடைக்கவில்லை? அன்றைக்கு எழுதாமல் ஓடிவிட்டாள். நெருப்புப் பிடித்தால் நாங்கள் ஆட்களை எண்ணுவது இந்தப் புத்தகத்தைப் பார்த்துத்தான். இதன்படி அவள் இன்னும் உள்ளேதான் இருக்கிறாள், தெரியுமா?” அவளுடைய அண்ணன் என்று மட்டும் சொன்னேன். செத்துவிட்டாள் என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். சொல்லவேண்டும் போல இல்லை.

மூதாட்டியின் அறையில் யன்னலோரம் இரண்டு கதிரை. ஒன்றில் அவர், காலில் கம்பளி போட்டுக்கொண்டு. மற்றதில் நான் இருக்கப் போனேன். “அதில் இருக்காதே” என்றார். “அதில் ஆள் இருக்கு.” நான் நின்றேன். கதிரையின் மெத்தையில் ஒரு சின்னப் பள்ளம் இருந்தது. யார் என்று கேட்டேன். “கையில் வண்டு வைத்திருக்கிற பிள்ளை” என்றார். “நேற்று வந்தாள். நான் விரலை வைத்துக் கேட்டேன், நன்றாகப் பாடியது.” நேற்று என்கிறார். அவளை எரித்து மூன்று கிழமை. மூதாட்டிக்கு நாள் கிழமை எல்லாம் குழம்பிவிட்டது என்று வேலை செய்கிற பெண் பிறகு சொன்னார். அது சரியாக இருக்கலாம். ஆனால் அந்த அறையில் நின்ற நேரம், எனக்கு எந்த நாள் என்று நிச்சயமாகத் தெரிந்திருக்கவில்லை.

கோப்பையை வெளியே எடுத்தேன். அவர் அதை வாங்கி, பழக்கமான ஆளைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார். தன்னுடைய தங்கை தீட்டினது, பத்தொன்பது வயதில், மாலை வகுப்புக்குப் போய்ப் படித்துத் தீட்டினாள் என்றார். நான் அந்த வெள்ளைப் பூவைக் காட்டி, அவர் எப்போது செத்தார் என்று கேட்டேன். மூதாட்டி என்னை விசரனைப் பார்க்கிற மாதிரிப் பார்த்துவிட்டு உடம்பு குலுங்கச் சிரித்தார். “செத்தாளா? சோம்பேறி! வாழ்க்கையில் ஒன்றையும் முடித்ததில்லை. கலியாணம் கட்டிக் கனடாவுக்குப் போனாள். இன்றைக்கும் கிறிஸ்மஸுக்கு எனக்குச் சுவெட்டர் பின்னி அனுப்புவாள், ஒரு கைதான் இருக்கும். உன் தங்கையும் இதையேதான் கேட்டாள். சொன்னவுடன் கண்ணில் தண்ணி வரச் சிரித்தாள், பாவம்.” கோப்பையைத் திருப்பித் தர வந்தேன் என்றேன். அவர் அதை என் கையிலேயே வைத்து மூடினார். “அதை உன் தங்கைக்குக் கொடுத்தாயிற்று. கொடுத்ததை நான் திரும்ப வாங்குகிறதில்லை.”

நான் வீட்டுக்கு வரும்போது அம்மா ரோல்ஸ் பலகாரம் உருட்டிக்கொண்டிருந்தார். டூட்டிங்கில் ஒரு கடைச் சமையலறையில் அவருக்கு அதுதான் வேலை. செத்த வீட்டுக்குப் பிறகு வேலைக்குப் போகாததால் வீட்டில் சும்மா உருட்டுவார், உருட்டி உருட்டி ஃபிரிசரில் அடுக்குவார். பையில் கோப்பை இருப்பதைக் கண்டதும் முகம் இறுகியது. நான் எதிரே இருந்து, டூட்டிங்கில் வாங்கினேன் என்று சொன்ன பொய்யிலிருந்து தொடங்கி, ஒன்றும் விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். வெறுமையாகக் கிடந்த பெட்டியைப்பற்றியும் சொன்னேன். அம்மாவின் கை நின்றுவிட்டது.

“அப்ப அந்த மனுசி சாகேல்லையே?” என்றார். என்னைப் பார்த்துக் கேட்டார்.

“இல்லை அம்மா.”

“பூக் கீறின பிள்ளை?”

“அவவும் இல்லை. கனடாவில. சுவெட்டர் பின்னுறாவாம்.”

அம்மா மாப்பிடித்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப ஆரில பிழை?” என்றார்.

“ஒருத்தரிலயும் இல்லை அம்மா.”

தங்கச்சியின் செத்த வீட்டில் அம்மா வாய்விட்டு அழவில்லை. வந்த சனம் எல்லாம் அதைப்பற்றிக் கதைத்தது. அன்றைக்குத்தான் அழுதார். மேசையில் தலையை வைத்து, மாவெல்லாம் தலைமயிரில் ஒட்ட, ஒரு மிருகம் அழுகிற மாதிரி அழுதார். எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்தக் கோப்பையும் நானும் அவருக்குப் பிடித்துக்கொண்டு நிற்க ஒரு கம்பியாக இருந்திருக்கிறோம். ஏச ஆள் இருக்கும்வரை பிள்ளை முழுதாகப் போகவில்லை. நான் கம்பியைப் பிடுங்கிவிட்டேன். உண்மையைச் சொன்னது சரிதானா என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. நான் அவருக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அவர் தள்ளிவிடவில்லை.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்தது. ஐயர் வந்து செய்யவேண்டியதைச் செய்துவிட்டுப் போனார். அடுத்த புதன்கிழமை காலையில் அம்மா சீலை உடுத்து, தேத்தண்ணிப் போத்தலை நிரப்பி, கோப்பையைத் தன்னுடைய கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். வெறுங்கையால்தான் எடுத்து வைத்தார். “காட்டு” என்றார்.

புத்தகத்தில் தங்கச்சியின் பக்கத்தைக் காட்டினேன். அம்மா அந்த வெறும் பெட்டியில் பெருவிரலை வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். நான் நிரப்பட்டோ என்று கேட்டேன். தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. அறைக்குள் போனதும் மூதாட்டி அம்மாவைப் பார்த்து அதையே சொன்னார்: அந்தக் கதிரையில் ஆள் இருக்கு. நான் தமிழில் சொல்ல வாயெடுத்தேன். அம்மா கையைக் காட்டி மறித்தார். “விளங்குது” என்றார். பிறகு கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தார். கதிரைக்கு முன்னால் இருந்த சின்ன மேசையில் கோப்பையை வைத்துத் தேத்தண்ணியை ஊற்றினார்.

பாதி நிறைந்ததும் மூதாட்டி பதறிப்போய்க் கையை நீட்டினார். “போதும், போதும். அவளுக்கு அவ்வளவுதான். அதற்கு மேல் குடித்தால் மூச்சு முட்டும்.” அம்மா என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். “இனிக் குடிக்கலாம் எண்டு சொல்லு” என்றார் அம்மா. விளிம்பு வரைக்கும் ஊற்றினார். வெயில் கோப்பைக்குள்ளால் வந்தது. ஆவி கதிரைப் பக்கமாகச் சாய்ந்து போனது. யன்னல் பூட்டியிருந்தது. நான் காற்று எங்கிருந்து வருகிறது என்று தேடினேன், பிறகு தேடுவதை விட்டுவிட்டேன். எழும்பும்போது அம்மா அந்தத் தேத்தண்ணியைத் தானே குடித்தார், ஆறிப்போனதை, ஒரே மூச்சில்.

இப்போதும் புதன்கிழமைகளில் அம்மா போகிறார். மூதாட்டிக்கு அம்மாவின் பெயர் வாயில் வராது. அம்மாவுக்கு அவருடைய ஆங்கிலம் பாதி விளங்காது. இரண்டு பேரும் எப்படித்தான் இரண்டு மணித்தியாலம் கதைக்கிறார்களோ. நான் வேலைக்குத் திரும்பிவிட்டேன். அன்றைக்கு முதல் தரம் போய்விட்டு வரும்போது பஸ்ஸில் அம்மா யன்னலோரம் இருந்தார், நான் பக்கத்தில். இறங்குவதற்கு இரண்டு பஸ் தரிப்புக்கு முன்னால், தெருவைப் பார்த்தபடியே கேட்டார்.

“நாளைக்கு வேலையே, தம்பி?”

“ஓம் அம்மா. குரோய்டன் பக்கம் ஒரு வீடு.”

“ஆள் செத்திட்டுதோ?”

“தெரியாது. கேக்கேல்லை.”

அம்மா என் பக்கம் திரும்பினார். சட்டைக் கொலர் மடிந்திருந்ததை இழுத்துச் சரிப்பண்ணினார்.

“கேள்” என்றார். “முதல்ல கேள். பிறகு சாமானைத் தூக்கு.”